தீப்பிடித்தால் மட்டும் எழுப்பு

என் அக்காள் மகன் காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். போன மாதம் மதுரையில் முதலாளிகளுக்கென்று நடந்த ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் போய்விட்டு வந்தான். உங்கள் நேரத்தையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பது பாடமாம். வந்த கையோடு கடை வாசலில் ஒரு போர்டு மாட்டினான்: முதலாளியை மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மட்டுமே பார்க்கலாம். மறுநாள் அவனுடைய மாமனாரே போர்டைப் படித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை.

"மாமா, நீங்க பஸ் கம்பெனியில டைம் கீப்பரா இருந்தீகள்ல, ஒங்க முதலாளி இதையெல்லாம் எப்படிச் சமாளிச்சாக?" என்று என்னிடம் வந்து கேட்டான். வாயால் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. சரிதான் போடா என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஊர் கல்லல் பக்கம். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு முடிந்ததும், வயலில் இறங்கச் சோம்பல்பட்டு, காரைக்குடியில் ஆறு வண்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. டைம் கீப்பர் வேலைக்கு வேண்டியது ஒரு விசில், ஒரு கடிகாரம், கொஞ்சம் தடித்த தொண்டை. வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறிக்க வேண்டும். ஊர் பெயரைச் சொல்லிக் கூவ வேண்டும். டீ குடிக்கப் போன டிரைவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மீதி வாழ்க்கை முழுவதும் அதையேதான் செய்தேன்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் முதலாளி செட்டியார் திடீரென்று மாரடைப்பில் காலமானார். பிள்ளை இல்லை. அவர் மனைவி அலமேலு ஆச்சிக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. கம்பெனியை விற்றுவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் வேறு வேலை தேட ஆரம்பித்திருந்தோம். காரியம் முடிந்த மறுவாரம், விடியும் நேரத்தில், வெள்ளைச் சேலையோடு ஆச்சி ஷெட்டுக்குள் வந்து நின்றார்.

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண் வாசலைத் தாண்டவே ஒரு வருடம் ஆகும். இவரோ நேராக முதலாளியின் மேஜைக்கு வந்தார். எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒவ்வொரு டிரைவருக்கும் முதலாளி தன் கையால்தான் வண்டிச் சாவியைக் கொடுப்பார். ஆச்சி சாவிகளை எடுத்து முதல் சாவியை நீட்டினார். எந்த டிரைவரும் முன்னால் வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விடிந்ததும் விடியாததுமாக வெள்ளைச் சேலை முகத்தில் முழிப்பதே ஆகாது. அந்தக் கையால் சாவி வாங்கி, ஏற்றின பயணிகளைப் பத்திரமாக எப்படிக் கொண்டு சேர்ப்பது? அவர்கள் பயம் அவர்களுக்கு.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது கல்லல் வண்டி டிரைவர் காளிமுத்து அண்ணன் பின்னாலிருந்து எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார். ஆள் வாட்டசாட்டம், முறுக்கு மீசை, முன்கோபி. இரண்டு கையாலும் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வாரேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினார். அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆச்சி எல்லோருக்கும் சாவி கொடுத்தார். கடைசி வண்டி வெளியே போன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று தொடங்கி அவர் இருந்த காலம் வரைக்கும், சாவி கொடுக்கும் நேரத்தில் வேறு எதற்கும் இடமில்லை. கோயில்காரர்கள் வந்தாலும் சரி, பாங்கிலிருந்து ஆள் வந்தாலும் சரி, வெளியேதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் பார்ப்பார், கையைப் பார்ப்பார். கண் சிவந்திருந்தால் சாவி மேஜையைவிட்டு நகராது. "வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்லை?" என்று கேட்பார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எங்களையெல்லாம் நீ, வா, போ என்றவர், டிரைவர்களை மட்டும் ஒருமையில் அழைத்ததில்லை. "நாப்பது உசிரைக் கையில வச்சிருக்கவுகளை நீ, வானு சொல்லலாமா?" என்பார்.

டிரைவர்கள் வழிக்கு வந்துவிட்டார்கள். வராதவர்கள் சொந்தக்காரர்கள்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் தொல்லையே. காலையில் வருவார்கள். "எப்படியாத்தா இருக்கே?" என்று ஆரம்பிப்பார்கள். போனவரைப் பற்றி ஒரு பாட்டம் அழுகை. பிறகு, "பொம்பளைக்கு எதுக்குத்தா பஸ் கம்பெனி, வித்துப்புட்டு நிம்மதியா இரு" என்று புத்திமதி. காபி கொடுக்க வேண்டும், மத்தியானம் இலை போட வேண்டும். ஒருவர் போனால் இன்னொருவர். துக்கம் கேட்க வந்தவர்களை எழுந்து போகச் சொல்ல முடியுமா? மெக்கானிக் ஒரு பேட்டரிக்குக் கையெழுத்து வாங்கக் கதவருகே காலையிலிருந்து நிற்பார். அந்த ஒரு பேட்டரிக்காக ஒரு வண்டி நாலு நாள் ஷெட்டிலேயே கிடந்தது. ஆச்சி முகம் கறுத்து, கண் உள்ளே போய்விட்டது. ராத்திரி தூக்கம் இல்லை என்று வீட்டுச் சமையல்காரம்மா சொன்னார். ஆறு மாதம் தாங்காது என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்து, காலையிலிருந்து ஆச்சிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். ஷெட்டும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே. நான் வழக்கம்போல விசிலை ஊதி, "நேமத்தான்பட்டி! நேமத்தான்பட்டி!" என்று கூவினேன். உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், சொன்ன வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "அடியாத்தீ, வண்டி!" என்று வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினார். அதை விட்டால் அடுத்த வண்டி சாயங்காலம்தான்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஆபீஸ் வாசலில் ஆச்சி நின்றுகொண்டிருந்தார். செட்டியார் இறந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சுப்பையா, இங்குட்டு வா" என்றார். "நாளையிலேருந்து யாரு வந்தாலும் மொதல்ல எந்த ஊருன்னு கேளு. அந்த ஊரு வண்டி கெளம்பறதுக்குச் செத்த முன்னாடி உள்ள அனுப்பு. அதுவரைக்கும் வெளிய காபி குடு, மோர் குடு, பேப்பர் குடு."

"சீக்கிரமா வந்தவுக கோவிச்சுக்கிட்டா?"

"ஆச்சி சாமி கும்பிடுறாகன்னு சொல்லு. பொய்யில்லை. வண்டிதான் எனக்குச் சாமி."

அவ்வளவுதான். போர்டு கிடையாது, சட்டம் கிடையாது. கல்லல்காரர் வந்தால் கல்லல் வண்டிக்கு முன், நெற்குப்பைக்காரர் வந்தால் நெற்குப்பைப் பக்கம் போகிற வண்டிக்கு முன். பேச்சு முற்றும் நேரத்தில் என் விசில் கேட்கும். எழுந்து போவது அவர்களே. போகச் சொன்னது அவர்கள் வண்டி. ஆச்சி வாசல் வரைக்கும் வந்து, "அதுக்குள்ள கெளம்பிட்டீகளே அண்ணே" என்று வழியனுப்புவார். ஒரு மனிதருக்குக்கூட முகம் கோணியதில்லை.

இதைக் கேட்டு, ஆச்சி மனிதர்களைத் தட்டிக்கழித்தார் என்று நினைத்தால் தப்பு. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் முழுதாக இருப்பார். கையில் பேப்பர் இருக்காது, கண் கடிகாரத்துக்குப் போகாது. கடிகாரம் பார்ப்பது என் வேலை. "அரை நாள் பேசினாலும் நம்ம வீட்டுல ஒருத்தரும் இப்படிக் காது குடுத்துக் கேக்க மாட்டாகப்பா" என்று கல்லல் கிழவர் ஒருவர் படியில் தொற்றிக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

காரில் வருகிறவர்களுக்கு இந்தத் தந்திரம் செல்லாது. அதற்கு வேறு வழி வைத்திருந்தார். கார்ச் சத்தம் கேட்டதும் தானே எழுந்து வெளியே போய், காரின் பக்கத்திலேயே நின்று பேசிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, அடேயப்பா என்ன மரியாதை என்று தோன்றும். உள்ளே வந்தால்தானே உட்காருவார்கள்!

கல்யாணம் காட்சிகளுக்கு முதல் நாளே போய், பெண்ணைப் பார்த்து, வீட்டுக்காரர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவார். முகூர்த்தத்தன்று போனால் அவரை எங்கோ மூலையில் உட்கார வைப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருமுறை வருத்தமாகத்தான் கேட்டேன். "சபையில என்னை முன்னால நிறுத்த மாட்டாக சுப்பையா. அதுல எனக்கு எத்தனை நாள் மிச்சம் தெரியுமா?" என்று சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. துக்க வீட்டுக்கு மட்டும், எவ்வளவு தூரமானாலும், அன்றைக்கே போவார். "நல்லதுக்குப் போகாட்டி மறந்துருவாக. கெட்டதுக்குப் போகாட்டி மறக்க மாட்டாக."

மெக்கானிக்கையும் பழக்கினார். டயர் மாற்றலாமா என்று வந்து நின்றார் அவர். "நீ என்ன நெனைக்கிற?" மாற்றணும் என்றார். "அப்ப மாத்து. டயரைப் பத்தி இனி என்கிட்ட வராதே. ஒனக்கே தெரியாதது ஏதாச்சும் வந்தா வா." மனிதர் இரண்டு நாள் பயத்தில் திரிந்தார். பிறகு நடையே மாறிவிட்டது. எங்களிடமெல்லாம், "டயரா? டயர் நம்ம டிபார்ட்மெண்டு" என்று மார்தட்டுவார்.

எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது மத்தியானத் தூக்கம். விடியும் முன் எழுகிற உடம்பு. சாப்பிட்டதும் ஆபீசுக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு பாயை விரித்துப் படுத்துவிடுவார். முதல் நாளே எனக்குச் சொன்ன உத்தரவு இதுதான்: "தீப்பிடிச்சா எழுப்பு. புகைஞ்சா எழுப்பாதே."

பங்காளி ஒருவர் ஒருநாள் அந்த நேரத்தில் வந்துவிட்டார். கோயில் மரியாதையில் தனக்கு முந்தி வேறு யாருக்கோ மாலை போட்டுவிட்டார்களாம். "கூப்பிடுய்யா அலமேலுவை!" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். நான் அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "நீ யாருடா?" என்றார். "டைம் கீப்பருங்க" என்றேன். வேறென்ன சொல்ல? தன் நேரத்துக்கு எழுந்து வந்த ஆச்சி என்னைப் பார்த்து, "தீயா, புகையா?" என்றார். "புகை ஆச்சி" என்றேன். அந்தப் பங்காளிக்கு முன்னாலேயே! அதற்குப் பிறகு ஷெட்டில் அது எங்கள் பாஷையாகிவிட்டது. ஒருமுறை நிஜமாகவே ஒரு பேட்டரி புகைந்தது. எழுப்பவா என்று மெக்கானிக் பதறினார். "புகைதானே அண்ணே" என்று சொல்லிவிட்டு நானே ஒரு சாக்கைப் போட்டு அமுக்கினேன்.

இப்படியே கம்பெனி ஆறிலிருந்து ஒன்பது வண்டியானது. எழுபதுகள் பிறந்துவிட்டன. ஆச்சியின் மனதில் அப்போது ஒரே ஒரு ஆசை. நெற்குப்பையில் ஒரு வயதான பஸ் முதலாளி இருந்தார். இரண்டு வண்டி, நல்ல லைன், எப்போதும் குறையாத கூட்டம். அவர் பிள்ளைகளுக்குத் தொழிலில் நாட்டமில்லை. மூன்று வருடமாக ஆச்சி நூல் விட்டுக்கொண்டிருந்தார். அந்த லைன் கிடைத்தால் மேற்குப் பக்கம் முழுவதும் எங்கள் வண்டிதான். ஒருவழியாக மனிதர் மனமிறங்கி, நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் காளிமுத்து அண்ணனுக்கு அது நடந்தது.

மழைக்காலம். கல்லல் ரோட்டில் ஒரு பெரிய கண்மாய். ரோடு அதன் கரையை ஒட்டி வளையும். கண்மாய் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. வளைவில் முன் டயர் வெடித்து, வண்டி ரோட்டைவிட்டுக் கரையில் ஏறிவிட்டது. வண்டி நிறைய ஜனம். அண்ணன் ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நிறுத்தினார். முன்சக்கரம் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் கை எட்டும் தூரம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இறங்கின ஜனம் அவர் காலில் விழுந்தது. கல்லலில் மாலை போட்டு ஊர்வலம் விட்டார்கள். மீசையைத் தடவிக்கொண்டு அவரும் சிரித்தார்.

அதற்கப்புறம் கல்லல் வண்டி தாமதமாக வர ஆரம்பித்தது. எனக்குத்தானே முதலில் தெரியும்? டைம் கீப்பரிடம் டிரைவர் எதை மறைக்க முடியும்? "என்னண்ணே, காய்ச்சலா?" என்றால், "ஒண்ணுமில்லப்பா, ரோடு மோசம்" என்பார். வாங்கின டீ அப்படியே ஆறிக் கிடக்கும். ஒருநாள் யாருக்கும் கேட்காமல், "வேற லைனுக்கு மாத்திவிடச் சொல்றியா?" என்று கேட்டார். காளிமுத்து அண்ணனா இப்படிக் கேட்கிறார் என்று இருந்தது எனக்கு.

நெற்குப்பைக்காரர் வருவதாகச் சொன்ன அன்று காலையில், சாவியைக் கையில் வாங்கிய காளிமுத்து அண்ணன், அதைத் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இந்தச் சாவி வேணாம் ஆச்சி. எனக்கு வாட்ச்மேன் வேலை ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

 ஆச்சி அவர் கையைப் பார்த்தார்.

"கை நடுங்குதா?"

"கம்மாய்க்கரை வந்தா நடுங்குது ஆச்சி. ஏறுறவுக எல்லாம் என்னைச் சாமி மாதிரி பாக்குறாக. எனக்கு அவுக தலையெல்லாம் தண்ணிக்குள்ள தெரியுது." அவ்வளவு பெரிய ஆள் சின்னப் பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். டிரைவர் காளிமுத்துவின் பெண்கள் என்றால் ஒரு மதிப்பு. வாட்ச்மேன் காளிமுத்துவின் பெண்கள் என்றால்? அது கிடக்கட்டும், ஸ்டியரிங்கைப் பிடிக்காத காளிமுத்து என்று ஒரு ஆளை எங்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

"ஸ்பேர் டிரைவரைக் கூப்பிடவா ஆச்சி?" என்றேன். அன்றைய தினத்துக்கு அதுதான் புத்தி. குளித்து, வெளுத்த சேலை கட்டி, நெற்குப்பைக்காரருக்காகத் தயாராக வந்திருந்தார் அவர். ரோட்டைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

"கூப்பிடு. பயணிகளை ஸ்பேர் வண்டியில ஏத்தி அனுப்பிரு" என்றார். பிறகு சாவியைக் காளிமுத்து அண்ணனிடமே நீட்டினார். "வாட்ச்மேன் வேலையைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். இன்னைக்கு எனக்குக் கல்லல் வரைக்கும் போகணும். வண்டி காலியாப் போகட்டும், நான் மட்டும் வாரேன். நீக ஓட்டினாப் போறேன். இல்லைன்னா நான் போகலை."

சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பக்கவாட்டில் முதல் சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் இபுராகிம் படியில் நின்றார். "நீ வாரியாப்பா? வரணும்னு இல்லை" என்றார் ஆச்சி. "டிக்கெட் குடுக்க ஆள் வேணாமா ஆச்சி?" என்று இபுராகிம் ஏறிக்கொண்டார். முதலாளி காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்! காளிமுத்து அண்ணன் வெகுநேரம் கீழேயே நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். வண்டி நத்தைபோல ஷெட்டைவிட்டுப் போனது.

"சுப்பையா, இன்னைக்கு என் நேரம் ஒன் பொறுப்பு" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல பொறுப்பு!

நெற்குப்பைக்காரர் இரண்டு மகன்களோடு, தாம்பாளத்தில் பழம் வெற்றிலையோடு, காரில் வந்து இறங்கினார். "ஆச்சி எங்கே?"

"கல்லல் வண்டியில போயிருக்காகய்யா."

"இன்னைக்கா? எப்ப வருவாக?"

"வண்டி வந்ததும்."

வண்டி வந்தது. போனதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தது. நான் முதலில் பார்த்தது ஸ்டியரிங்குக்குப் பின்னால் யார் என்றுதான். அண்ணனேதான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்குப்பைக்காரர் எழுந்து துண்டைச் சரிசெய்தார். ஆச்சி இறங்கவில்லை. ஜன்னலோரம் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும் அண்ணே. இன்னும் நடை பாக்கி இருக்கு" என்றார். வண்டி திரும்பிக் கல்லலுக்கே போனது.

அந்த நேரம் அவர் கீழே இறங்கியிருந்தால், காளிமுத்து அண்ணனும் இறங்கியிருப்பார். மறுபடி ஏறியிருக்க மாட்டார். இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மூன்று வருட ஆசை இப்படி வாசலில் வேர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று.

"பஸ் ஓட்டக் கத்துக்கிறாகளோ ஒங்க ஆச்சி?" என்றார் பெரியவர். மோர் கொடுத்தேன், பேப்பர் கொடுத்தேன். இன்னொரு நடையும் வந்தது, போனது. ராகுகாலம் பிறக்கப் போகிறது என்று மூத்த மகன் கடிகாரத்தைக் காட்டினான். "ஒரு டிரைவருக்காக என்னையக் காக்க வச்சுட்டாகள்ல? ரொம்பச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தோடு காரில் ஏறினார். அந்த மாதமே லைனையும் வண்டிகளையும் வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஆளை ஏத்து" என்றார். ஜனம் ஏறியது. அவர் அதே சீட்டில் இருந்தார். அன்றைக்குச் சாப்பாடும் இல்லை, மத்தியானத் தூக்கமும் இல்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெயில் தாழ, கடைசி நடை முடிந்து இறங்கும்போது அவர் கால் வீங்கிப்போயிருந்தது. சேலையெல்லாம் செம்மண். படிக்கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கினார்.

நடந்ததைச் சொன்னேன். "கோவம் இருக்கத்தான் செய்யும். நான் நெற்குப்பைக்குப் போய்க் கும்பிட்டுட்டு வாரேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆச்சி, ஒருத்தருக்கும் ஒரு நிமிசம் கூடுதலாக் குடுக்க மாட்டீக. இத்தனை வருசமா விசில் ஊதி ஊதி மிச்சம் பிடிச்சு, ஒரே நாள்ல இப்படி..."

"ஏப்பா, ஒங்க வீட்டுல பிடி அரிசி எடுத்து வைப்பாகள்ல? தெனம் ஒலைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடி. எதுக்கு எடுத்து வைக்கிறாக? பானையைப் பாத்துக்கிட்டே இருக்கவா?" என்றார். பிறகு, "காலுக்குக் கொஞ்சம் வெந்நி வைக்கச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் காளிமுத்து அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். ஆச்சி சாவியை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாட்ச்மேன் வேலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அவர் இன்னும் பல வருடம் அதே கல்லல் லைனில் ஓட்டினார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தார். ஆச்சி காலமான பிறகு, அவரும் ஓய்வு பெற்றபின், ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். இபுராகிம் சொல்லிக் கொஞ்சம் தெரியும் என்றாலும், அண்ணன் வாயால் கேட்க ரொம்ப நாளாக ஆசை.

"அண்ணே, அன்னைக்குப் பூராவும் ஆச்சி ஒங்ககிட்ட என்னதான் பேசினாக?"

"ஒண்ணும் பேசலையே!" என்றார். "கம்மாய்க்கரைக்குச் செத்த முன்னாடி, 'காளிமுத்து, எனக்குக் கண்ணைச் சொக்குது, கல்லல் வந்தா எழுப்புங்க'ன்னு சொல்லிட்டு, சீட்டுல தலையைச் சாச்சுத் தூங்கிட்டாக. ஒவ்வொரு நடையும் அப்படித்தான். கரை வந்தாத் தூக்கம். எனக்கு ஒதறல் எடுக்குது, ஆனா ஆச்சி தூக்கத்தை நான் கலைக்கலாமாப்பா? ஒரு பய எழுப்ப முடியுமா அவுகளை? வண்டி அலுங்குனா முழிச்சுக்கிருவாகளேன்னு அந்த ஒரே நெனப்புதான். ரோட்டுல இருந்த பள்ளம் ஒண்ணு விடாமப் பாத்துப் பாத்து ஓட்டினேன். நாலாவது நடையில தண்ணி இருக்குன்னே மறந்துபோச்சு." சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்தார். "என்னையும் நம்பித் தூங்கினாக பாரு. அது போதும்ப்பா எனக்கு."

இபுராகிம் எனக்கு இதை மறுநாளே சொல்லியிருந்தார். அவர் ஆச்சிக்குப் பின் சீட்டருகே நின்றவர். கண் மூடித்தான் இருந்ததாம். ஆனால், கரை வந்தபோதெல்லாம், சேலைத் தலைப்புக்கு அடியில், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ரத்தமில்லாமல் வெளுத்துப்போயிருந்தனவாம். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்ததாம்.

அதை நான் காளிமுத்து அண்ணனிடம் சொல்லவில்லை. டீ ஆறுது, குடிங்கண்ணே என்றேன்.